வளவு வீட்டின் மதிப்பு எங்கே இருக்கிறது?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குத் தூண், சிற்ப வேலை செய்த நிலை, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் பாத்திரம் எல்லாம் விலைக்குக் கிடைக்கும். சுற்றுவட்டாரச் செட்டிநாட்டு ஊர்களில் இடிபட்ட வீடுகளிலிருந்து வந்தவை அவற்றில் ஏராளம். வாங்கிப் போகிறவர் வீட்டில் அந்தத் தூண் அழகாகவே நிற்கும். ஆனால் அது யார் வீட்டு வளவில் (நடு முற்றத்தில்), எந்தக் கூரையைத் தாங்கி நின்றது என்பது அதோடு போவதில்லை. நூறாண்டு பழைய குடும்ப வீட்டைப் பாரம்பரியச் சொத்து என்கிறோமே, அந்த மதிப்பு மரத்தைவிட அதிகமாக வீட்டின் அமைப்பில்தான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் கட்டிய வீடுகள் இவை. பர்மா, இலங்கை, மலாயா என்று கொண்டுவிற்கப் போனவர்களின் பணம் சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையின் வறண்ட மண்ணில் வீடாக எழுந்தது. கானாடுகாத்தானில் அண்ணாமலைச் செட்டியார் 1912இல் கட்டிய அரண்மனை எல்லோருக்கும் தெரியும். அதைவிடச் சிறிய, பெயர் தெரியாத வீடுகளிலும் அதே இலக்கணம்தான்.

தெருவில் நின்று பார்த்தால் முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோடு. பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வந்தவர்களோடு கொடுக்கல் வாங்கல் பேச முகப்புத் திண்ணையும் பட்டாலையும். அதைத் தாண்டினால் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. மணமான ஆண் ஒரு ‘புள்ளி’. கோயில் வரி அந்தப் புள்ளிக்குத்தான். அறை சின்னதுதான், மனைவி கொண்டுவந்த சீர்சாமான் அதில் பத்திரமாக இருக்கும். படுக்கை பெரும்பாலும் தாழ்வாரத்தில்.

அடுத்த கட்டில்தான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இருக்கிறது. கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே உலை என்றுதான் நினைப்போம். இங்கே கல்யாணமாகிச் சில காலத்தில் மகனையும் மருமகளையும் ‘வேறு வைத்து’ விடுவார்கள். ஒரே கூரை, ஆனால் தனி அடுப்பு, தனிச் செலவுக் கணக்கு. பின்கட்டில் அடுத்தடுத்து அமைந்த அடுப்படிகள் அந்த ஏற்பாட்டின் சான்று. எந்த ஆவணமும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. பின்கட்டை இடித்துவிட்டு முகப்பை மட்டும் மெருகேற்றிக் காட்டுவதை அதனால்தான் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டுமானத்துக்கு வருவோம். சுண்ணாம்புக் கலவையில் கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசி இழைத்த சுவர் இன்றும் வழுவழுப்பாகக் குளிர்கிறது. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். தரையின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. கூரையில் பெய்யும் மழை வளவில் இறங்கும். பாத்திரங்களில் பிடித்தது போக மிச்சம் ஊருணிப் பக்கம் ஓடும்.

கட்டும் வேகம் நின்றதற்குக் காரணம் கடலுக்கு அப்பால். 1930களின் மந்தத்தில் நெல் விலை சரிந்தது, பர்மா விவசாயிகளால் செட்டியார்களிடம் வாங்கிய கடனைத் திருப்ப முடியவில்லை. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. நிலம் இழந்தவர்களின் துயரமும் இந்த வீடுகளின் வரலாற்றில் சேர்ந்ததே. அதை விட்டுவிட்டுப் பெருமை மட்டும் பேசக் கூடாது. 1942இல் ஜப்பானியப் படை வந்தது, 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. பணம் வந்த வழி அடைபட்டது.

வீடு மட்டும் பங்காளிகளுக்குள் பிரிந்துகொண்டே போனது. இன்று ஒரு வீட்டுக்குப் பல ஊர்களிலும் நாடுகளிலுமாகப் பல உரிமையாளர்கள். முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடுவார்கள். மற்ற நாளில் காவல்காரர் கையில் சாவி. ஒருவருக்கு விற்க மனமில்லை, இன்னொருவருக்குச் செலவழிக்க மனமில்லை. இதற்கிடையில் கூரை ஓடு நகர்கிறது, மழைநீர் உத்தரத்தில் இறங்குகிறது.

சட்டம் என்ன செய்யும்? நூறாண்டு கடந்த கட்டடத்தைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்க 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஆள் புழங்கும் குடும்ப வீட்டுக்கு அந்தச் சட்டை பொருந்துவது அரிது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியலில் இருப்பதால் மட்டும் யாருடைய கடப்பாரையும் நிற்காது. கொத்தமங்கலம் சாரதா விலாஸ் போன்ற சில வீடுகள் விடுதிகளாகி உயிரோடு இருக்கின்றன. நல்ல வழிதான், ஆனால் எல்லா வீட்டுக்கும் விருந்தாளி வரமாட்டார்.

குடும்பங்கள் இன்றே செய்யக்கூடியவை உண்டு. முதலில் ஓடு, கூரை ஒழுகாத வரை தேக்கு நிலைக்கும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச வேண்டாம், ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிக் காரையை உதிர்க்கும். அடுத்த படைப்புக்குக் கூடும்போது பராமரிப்புக்கென்று ஒரு பொதுக் கணக்கைத் தொடங்கலாம். எந்த அறை எந்தப் புள்ளிக்கு, எந்த அடுப்பு யாருடையது என்று ஆச்சிமார்களைக் கேட்டு வீட்டின் வரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம்.