வண்டியின் முதுகெலும்பு

திருப்பதி மாவட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கு அருகில் ஸ்ரீசிட்டி தொழில்நகரம் அமைந்துள்ளது. 2022 வரை இது சித்தூர் மாவட்டப் பகுதியாக இருந்தது. இங்குள்ள இசுசு தொழிற்சாலையில் 2016 முதல் பிக்கப் வண்டிகள் உருவாகின்றன. ஏணி வடிவிலான எஃகு அடிச்சட்டமே இவ்வகை வண்டிக்கு முதுகெலும்பு. பணிமனைகளில் இதனைச் ‘சேசிஸ்’ என்பர்.

இரும்பு, நீருடனும் ஆக்சிஜனுடனும் வினைபுரிவதால் துரு உண்டாகிறது. உப்பு சேர்ந்தால் துரு விரைந்து பரவும். மேற்புறத் துருவைச் சுரண்டி வண்ணம் பூசலாம். அடிச்சட்டத்தின் உட்குழிவில் சேறும் ஈரமும் தங்கி வளரும் துருவோ கண்ணில் படாது. வெளியே வண்டி பளபளக்கும். உள்ளே இரும்பு தாள்போல் மெலிந்துவிடும்.

கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு உண்டு. அமெரிக்காவின் குளிர்ப்பகுதிகளில் பனியை உருக்கச் சாலைகளில் உப்புத் தூவுவர். அங்கு டொயோட்டா டகோமா முதலிய வண்டிகளின் அடிச்சட்டங்கள் அரித்துப்போனதால், உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளைச் சோதித்து, தேவையானவற்றுக்கு அடிச்சட்டத்தை மாற்றித்தர 2016இல் அந்நிறுவனம் உடன்பட்டது.

இந்தியாவில், குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு நிறுவனங்களுக்கு ஆணையிடும் விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழுதுநீக்கும் செலவும் நிறுவனத்தையே சாரும். ஆயினும் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இவ்விதி பொருந்தும். துரு மெல்ல அரிப்பது. எட்டாம் ஆண்டில் ஓட்டையைக் காண்பவருக்கு இவ்விதி கைகொடுக்காது.

அதனால் பழைய வண்டி வாங்குவோர், மெக்கானிக்கை அழைத்துச் சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்ப்பர். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்த இரும்பின் ஒலி மந்தமாக இருக்கும்.