படம் விற்பவர் பணம் கட்ட வேண்டுமா?

தையல், பனையோலைப் பின்னல், கருவாடு போடுதல் என்று உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் தாய்மார் மன்னார்த் தீவின் கரையோரக் கிராமங்களில் நிறையப் பேர். அவர்களின் பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசியில் படம் வரைகிறார்கள். “இதை இணையத்தில் வெளிநாட்டார் வாங்குவார்களாமே, உண்மையா அக்கா?” என்று கலந்துரையாடல்களில் என்னிடம் கேட்கிறார்கள்.

வாங்கியது உண்மைதான். 2021 மார்ச் 11 ஆம் திகதி முடிவுற்ற கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் இணைய ஏலத்தில், அமெரிக்க ஓவியர் மைக் விங்கிள்மன் கணினியில் ஆக்கிய படமொன்று 6 கோடியே 93 இலட்சம் டொலருக்கு விலைபோனது. 2007 மே மாதம் தொடங்கி நாளுக்கொன்றாக அவர் ஆக்கிய 5000 படங்களின் தொகுப்பு அது. வாங்கியவர் விக்னேஷ் சுந்தரேசன் என்ற தமிழர். ஈதர் என்னும் மெய்நிகர் நாணயத்தில் அவர் பணம் செலுத்தினார்.

அப்படத்தை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அப்படியானால் அவர் வாங்கியது எதை? காணிக்கு உறுதி போல, ‘இப்படம் இவருடையது’ என்று கணினி வலையமைப்பில் எழுதப்படும் ஒரு பதிவை. அதை என்.எப்.ரி. என்பர். இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்த எமக்கு உறுதியின் அருமை தெரியும். ஆனால் காணியில் வீடு கட்டலாம், தோட்டம் செய்யலாம். இப்பதிவுக்கோ இன்னொருவர் வாங்க வந்தால்தான் விலை. டுவிட்டரின் முதற் பதிவு 2021 இல் 29 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. 2022 ஏப்ரலில் அதை மீண்டும் ஏலத்தில் விட்டபோது, ஏலம் முடியும்வரை கேட்கப்பட்ட ஆகக் கூடிய விலை சுமார் 280 டொலர்.

சந்தை விழுந்தாலும் அதன் பெயரால் ஏமாற்றுவோர் ஓயவில்லை. எனக்குத் தெரிந்த தங்கை ஒருத்தி கழுதைகளையும் பெருக்க மரத்தையும் வள்ளங்களையும் வரைந்து பேஸ்புக்கில் போடுவாள். தந்தை யுத்தத்தில் காணாமற் போனவர். முன்பின் அறியாத ஒருவர் அவளது ஐந்து படங்களை வாங்குவதாக எழுதி, ஓர் இணையத்தளத்தில் சேரச் சொன்னார். இரண்டே நாளில் அவளது கணக்கில் 4,000 டொலர் இருப்பதாகத் திரை காட்டியது. அதை எடுப்பதற்கு ‘காஸ் கட்டணம்’ கேட்டார்கள். தாயின் தோட்டை அடகு வைத்து 45,000 ரூபா அனுப்பினாள். அடுத்த கிழமை ‘வரி’ என்று 80,000 கேட்டார்கள். அப்போதுதான் தாய் என்னிடம் வந்தார்.

“ஒவ்வொரு முகாமிலயும் இடுப்பில முடிஞ்சு காப்பாத்தின தோடு, பிள்ளை” என்றார்.

அனுப்பிய காசு திரும்பி வரவில்லை.

காஸ் கட்டணம் என்று ஒன்று உண்டு. பதிவுக்காக வலையமைப்புக்குச் செலுத்தப்படுவது அது. வாங்க வந்தவர் காட்டும் வங்கிக் கணக்குக்குப் போவதல்ல. திரையில் தெரிந்த டொலரோ வெறும் இலக்கம். கரையில் மீன் ஏலம் போகும்போது தரகர் தன் பங்கை விற்ற காசிலிருந்துதான் கழிப்பார். விற்பவளிடம் முன்காசு கேட்பதில்லை. இங்கும் அதே கணக்கை வைத்துப் பாருங்கள்.

சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

• விற்ற காசை எடுக்கக் காசு கட்டச் சொன்னால், அத்துடன் நிறுத்துங்கள்.

• மெய்நிகர் பணப்பையின் 12 அல்லது 24 இரகசியச் சொற்களை எவருக்கும் சொல்லாதீர்கள். அவை சாவிக்கொத்துக்குச் சமம்.

• மெய்நிகர் நாணயங்கள் குறித்து இலங்கை மத்திய வங்கி 2021, 2022 ஆம் ஆண்டுகளில் எச்சரித்தது. வங்கி அட்டைகளால் அவற்றுக்குப் பணம் செலுத்த அனுமதி இல்லை என்றும் அறிவித்தது.

• செய்திகளையும் பணம் கட்டிய பற்றுச்சீட்டையும் அழிக்காமல் பொலிசில் முறையிடுங்கள்.

அந்தத் தங்கை வரைவதை நிறுத்தவில்லை. இப்போது கலியாண அழைப்பிதழ்களுக்குப் படம் வரைகிறாள். பாதிக் காசு வங்கிப் புத்தகத்தில் ஏறிய பின்னரே வேலையைத் தொடங்குகிறாள். தோடு இன்னும் அடகில்தான். மாதாமாதம் வட்டி கட்டுகிறாள்.

தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். ஏமாந்த பிள்ளையை ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் பலர் இரண்டாம் முறையும் மறைவாகப் பணம் கட்டுகிறார்கள். முதல் நாளே உங்களிடம் வந்து சொல்லும் துணிவை அவர்களுக்குக் கொடுங்கள்.