காலியிடம் என்று ஒன்றில்லை: தட்டைப் பரப்பின் இலக்கணமும் அரசியலும்

பிரதியைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். ஆசிரியன், வாசகன், இடைவெளி, மௌனம் என்று ஒரு கவிதைக்குள் புகுந்து அதன் எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தக் கவிதை அச்சாகியிருக்கும் தாள், அதன் நான்கு ஓரங்கள், தலைப்பின் பருமன், பக்கத்தில் விடப்பட்ட வெள்ளை ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால் ‘அட்டை நல்லா வந்திருக்கு’, ‘லே-அவுட் சரியில்ல’ என்பதோடு நம் விமர்சனம் முடிந்துவிடுகிறது. துண்டறிக்கையும் சுவரொட்டியும் நமது அரசியலின் அன்றாடக் கருவிகள். இருந்தும் அவை கண்ணில் எப்படி அர்த்தம் கொள்கின்றன என்பதை ஓவியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம்.

கலைக் கல்லூரிகளின் முதலாண்டுப் பட்டறையில் இருபரிமாண வடிவமைப்பு என்ற பெயரில் என்ன கற்றுத்தரப்படுகிறது, அது எங்கிருந்து வந்தது, அதில் எதை எடுத்துக்கொள்வது, எதைச் சந்தேகிப்பது என்று இங்கே சொல்லிப் பார்க்கிறேன். நான் ஓவியன் அல்ல, தமிழ் படித்தவன். ஒரு கல்லூரிப் பட்டறையின் பின்வரிசையில் சில வாரங்கள் உட்கார்ந்து பார்த்ததும் அதையொட்டிப் படித்ததுமே இதை எழுதுவதற்கான என் தகுதி.

1

ஐரோப்பியக் கலைக்கூடங்களில் நெடுங்காலம் கலை கற்பது என்பது பார்த்து வரைவதாக இருந்தது. சாந்துச் சிற்பங்களைப் பார்த்து வரை, பழைய மேதைகளைப் பார்த்து வரை, பிறகு உயிருள்ள உடலைப் பார்த்து வரை. இந்த வரிசையை உடைத்த முக்கியமான இடம் 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி. அங்கே சேர்கிறவர் தறிக்குப் போகிறவரானாலும் தச்சுக்குப் போகிறவரானாலும் முதலில் ஒரு முன்பயிற்சியை முடிக்க வேண்டும். அதை வடிவமைத்தவர் யோஹன்னஸ் இட்டன். 1923இல் அவர் விலகியபின் மொஹோலி-நாகியும் யோசெஃப் ஆல்பர்ஸும் அதை நடத்தினார்கள். அங்கேயே ஆசிரியர்களாக இருந்த பால் கிளேயும் காண்டின்ஸ்கியும் தங்கள் வகுப்புகளை 1925, 1926ஆம் ஆண்டுகளில் புத்தகங்களாக்கினார்கள். புள்ளி, கோடு, தளம் என்று காட்சியை அதன் மூலக்கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் நிலைபெற்றது.

1933இல் நாஜிகளின் நெருக்கடியில் பள்ளி மூடப்பட்டது. அதே ஆண்டு ஆல்பர்ஸ் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். 1949 வரை அங்கே, 1950 முதல் யேல் பல்கலைக்கழகத்தில். மொஹோலி-நாகி 1937இல் சிகாகோவுக்குப் போனார். துரத்தப்பட்டவர்களோடு பாடமும் நாடு கடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகின் பல கலைக் கல்லூரிகளில் முதலாண்டின் அடித்தளப் பாடம் இந்த மரபிலிருந்து உருவானது. 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் வழியாக அது இங்கேயும் வந்தது.

2

நான் பார்த்த வகுப்பில் முதலில் கொடுத்த பயிற்சி இது. ஒரு சதுர வெள்ளைத் தாள். ஒரே அளவில் வெட்டிய நான்கு கறுப்புச் சதுரங்கள். இவற்றை மட்டும் வைத்து ‘ஒழுங்கு’, ‘நெரிசல்’, ‘தனிமை’, ‘பதற்றம்’ என்ற சொற்களைக் காட்ட வேண்டும். வரையக்கூடாது, எழுதக்கூடாது. ‘எங்க வேணும்னாலும் வைங்க. ஆனா ஏன் அங்க வெச்சீங்கன்னு சொல்லணும்’ என்றார் ஆசிரியர்.

கேட்கும்போது ‘இதுல என்ன படிக்க இருக்கு’ என்றுதான் தோன்றும். உட்கார்ந்து செய்தால் தெரியும். நான்கும் ஒரே மாதிரி என்பதால் சதுரத்தைக் கொண்டு எதையும் சொல்ல முடியாது. மிச்சமிருப்பது அது நிற்கும் இடம், அடுத்ததிலிருந்து அதற்குள்ள தூரம், அதன் சாய்வு. மூன்றை ஒரு மூலையில் சேர்த்து ஒன்றைத் தள்ளி வைத்தால் அந்த ஒன்று தனித்துப்போகிறது. தள்ளியிருப்பதைக் கொஞ்சம் பெரியதாக வெட்டினால் இன்னும் அழுத்தமாகும். ஆனால் அதற்கு அனுமதியில்லை. இரண்டு சதுரங்களைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தினால் அந்த மயிரிழை வெள்ளை தாளின் மற்ற எல்லா இடத்தையும்விடச் சத்தமாகிவிடுகிறது. பதற்றம் அங்கே வருகிறது. ஒரு சதுரத்தைத் தாளின் விளிம்பில் பாதி வெட்டுப்படும்படி வைத்தால் அது வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்று கண் கேட்கத் தொடங்குகிறது. அப்போதுதான் விளிம்பும் இந்த ஆட்டத்தில் ஒரு ஆள் என்பது புரிகிறது.

யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தளை எந்தச் சீருக்குள்ளும் இல்லை. நின்ற சீரின் ஈறும் வரும் சீரின் முதலும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அதே நிரையசை மாச்சீருக்குப் பின் வந்தால் வெண்டளை, விளச்சீருக்குப் பின் வந்தால் ஆசிரியத்தளை. அசை மாறவில்லை, அது நிற்கும் உறவு மாறியது. தட்டைப் பரப்பின் முதல் விதியும் இதுதான்: எந்த வடிவத்துக்கும் தனக்கென்று ஒரு மதிப்பு கிடையாது. பக்கத்தில் இருப்பது அதற்கு மதிப்பைத் தருகிறது.

3

இரண்டாவது பாடம் உருவும் களமும். 1915இல் டென்மார்க்கின் உளவியலாளர் எட்கர் ரூபின் எடுத்துக்காட்டிய படம் பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு பார்வைக்குக் குவளை, மறு பார்வைக்கு எதிரெதிரே இரண்டு முகங்கள். இரண்டையும் ஒரே நொடியில் பார்க்க முடியாது. ஒன்று உருவாக எழும்போது மற்றது களமாகப் பின்வாங்குகிறது. களத்துக்கு வடிவம் இல்லை என்று கண் நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் கலைப்பதுதான் பயிற்சி.

‘ழ’ என்ற ஒற்றை எழுத்தைப் பெரிதாக எழுதி, ஒரு சதுரச் சட்டத்துக்குள் அதை நகர்த்தி நகர்த்தி வெட்டச் சொன்னார்கள். எழுத்தின் கறுப்பும் சுற்றியுள்ள வெள்ளையும் சம பலத்தோடு நிற்க வேண்டும். ஒரு மாணவர் ஒரு பெரிய வெள்ளையைக் காட்டி ‘இது சும்மா விட்ட இடம் சார்’ என்றார். ‘சும்மா விட்டது யாரு?’ என்று கேட்டார் ஆசிரியர். வடிவமைப்பைப் பற்றி நான் கேட்ட மிகக் கூர்மையான கேள்வி இது. ‘சும்மா’ என்று நமக்குத் தெரிவது யாரோ எடுத்த முடிவு.

தேர்தல் நெருங்கும்போது நம் ஊர்ச் சுவர்களில் முதலில் வந்தது எழுத்து அல்ல, சுண்ணாம்பு. சுவரை வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் போட்டு ‘ரிசர்வ்டு’ என்று எழுதி வைத்ததை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த வெள்ளை காலி அல்ல. அங்கே களத்தைப் பிடிப்பதே முதல் அரசியல் செயல். கோஷம் பிறகு வந்தது.

இதே பாடத்தை பிளாக் மவுண்டனில் ஆல்பர்ஸிடம் கற்ற ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். ரூத் அசாவா, கலிஃபோர்னியாவில் ஜப்பானிய விவசாயக் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். 1942இல் ஜப்பானிய வம்சாவளியினரைத் தடுப்பு முகாம்களில் அடைத்த அமெரிக்க அரசு அவரையும் அடைத்தது. பிறகு ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, ஜப்பானிய எதிர்ப்புணர்வின் காரணமாகக் கற்பித்தல் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் படிப்பை முடிக்க முடியவில்லை. 1946இல் பிளாக் மவுண்டன் வந்தார். கல்லூரிச் சலவைத் துணிகளில் குத்தும் ரப்பர் முத்திரையை எடுத்து, அதன் மூன்று எழுத்துகளைத் தாள் முழுக்க அடுத்தடுத்துக் குத்தி ஒரு பரப்பை உண்டாக்கினார். எழுத்து கரைந்து நெசவு போல் ஓர் அசைவு எழுகிறது. எது உரு, எது களம் என்று பிரிக்க முடிவதில்லை. பின்னாளில் அவர் கம்பியைப் பின்னிச் செய்த சிற்பங்களில் உள்ளும் புறமும் ஒன்றாகவே தெரியும். ஒரு தேசத்தின் படத்தில் களமாகத் தள்ளப்பட்டவருக்கு இந்தப் பாடம் வெறும் பயிற்சியாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

4

வண்ணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆல்பர்ஸ் தன் வகுப்பில் வண்ணக் குழம்பை ஒதுக்கிவிட்டு வண்ணத் தாள்களைக் கொடுத்தார். குழம்பில் ஒரே சாயலை இரண்டாம் முறை கலப்பது கடினம்; தாளில் வெட்டினால் போதும். ஒரே சாம்பல் தாளிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கறுப்பின்மீதும் மற்றதை வெள்ளையின்மீதும் வையுங்கள். கறுப்பின்மீது இருப்பது வெளுத்தும் வெள்ளையின்மீது இருப்பது இருண்டும் தெரியும். ‘ரெண்டும் ஒரே தாள்தான்’ என்று அறிவு சொன்னாலும் கண் ஒப்புக்கொள்ளாது. ஒன்றை இரண்டாகக் காட்டு, இரண்டை ஒன்றாகக் காட்டு என்று பயிற்சிகள் நீளும். 1963இல் அவர் இவற்றை ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்.

மொழியில் இருப்பவை வேறுபாடுகளே என்று சசூர் சொன்னதைப் படித்துவிட்டு இதைப் பார்க்கிறவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. அவருடைய வாதத்தை இங்கே கண்ணால் பார்த்துவிடலாம்.

5

இதுவரை சொன்னதை வைத்து, காட்சிக்கு ஒரு பொது இலக்கணம் இருக்கிறது, அது எல்லா மனிதருக்கும் ஒன்று, ஆகவே நடுநிலையானது என்று முடித்துவிடலாம். பல பாடநூல்கள் அப்படித்தான் முடிக்கின்றன. நாம் அங்கே நிற்க முடியாது.

முதலாவது, பொதுவானது என்ற பள்ளிக்குள்ளேயே எல்லோருக்கும் ஒரே இடம் இருக்கவில்லை. பௌஹவுஸில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் தறிப் பட்டறைக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அன்னி ஆல்பர்ஸ் விரும்பியது கண்ணாடி வேலை, வந்து சேர்ந்தது நெசவு. அந்த நெசவைக் கலையாக்கியது அவருடைய சாதனை. அந்தப் பள்ளியின் நியாயத்துக்கு அது சான்றாகாது.

இரண்டாவது, இந்தப் பாடத்தின் பக்க அமைப்பு இலத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து வளர்ந்தது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்து கோத்தால் ஒரு வரியில் இரண்டு சொல்தான் நிற்கும், நடுவே வெள்ளை ஓட்டை விழும். அடுத்தடுத்த வரிகளில் அந்த ஓட்டைகள் சேர்ந்து பக்கத்தின் குறுக்கே ஆறு மாதிரி ஓடும். நம் பத்திரிகைகளைப் புரட்டினால் இதைப் பார்க்கலாம். தமிழில் தலையெழுத்துப் பெரியது, மற்றது சிறியது என்ற பாகுபாடும் இல்லை. ஆகவே அழுத்தத்துக்கு வேறு வழி தேட வேண்டும். உறவுதான் மதிப்பு என்ற விதியை எடுத்துக்கொள்வோம். எந்த உறவு சரி என்ற தீர்ப்பை நம் எழுத்தின் உடம்பைப் பார்த்து நாமே எழுத வேண்டும்.

மூன்றாவதுதான் கனமானது. ஃபிரான்ஸ் எர்லிக் பௌஹவுஸ் மாணவர், கம்யூனிஸ்ட். நாஜி எதிர்ப்பு வேலைக்காகக் கைதாகி 1937இல் புக்கன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே முகாம் வாயிலின் இரும்பு வாசகத்தை வடிவமைக்கும்படி அவருக்கு உத்தரவு. ‘அவரவர்க்கு உரியது அவரவர்க்கு’ என்பது வாசகம். வெளியே இருந்து வருகிறவர்களுக்காக அது வைக்கப்படவில்லை. உள்ளே அணிவகுத்து நிற்கும் கைதிகள் வாசிக்கும்படி உட்பக்கம் பார்த்திருக்கிறது. எர்லிக் அதற்கு நாஜிகள் வெறுத்த பௌஹவுஸ் எழுத்துமுறையின் சாயலையே கொடுத்தார். அதை ஒரு கைதியின் மறைமுக எதிர்ப்பாக வாசிக்கிறவர்கள் உண்டு. ஃப்ரிட்ஸ் எர்ட்லும் அதே பள்ளியில் படித்தவர். அவர் ஆஷ்விட்ஸ் முகாமின் கட்டுமான அலுவலகத்தில் வேலை செய்தார். கொட்டகைகளுக்கும் பிணமெரிக்கும் கூடங்களுக்குமான வரைபடங்களில் அவர் கை இருந்தது. 1972இல் வியன்னாவில் நடந்த விசாரணையில் விடுதலையானார்.

ஒரே முன்பயிற்சி, ஒரே புள்ளி, ஒரே கோடு. இலக்கணம் யாரையும் காப்பாற்றவில்லை. யாப்பு கற்றவன் பரணியும் பாடலாம், பஞ்சம் பற்றியும் பாடலாம். வடிவமைப்பை நல்லெண்ணத்தின் மொழி என்று கொண்டாடுகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

6

அப்படியானால் எதற்காகக் கற்க வேண்டும்? வாசிக்கத்தான். நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு சாவு எத்தனை அங்குலம், யாருடைய படத்தின் அடியில், எந்த விளம்பரத்தின் பக்கத்தில் என்று பார்க்கும் கண் வேண்டும். யார் உருவாக எழுந்தார், யார் களமாக்கப்பட்டார் என்று கேட்கும் கண் வேண்டும். ‘சும்மா விட்டது யாரு?’ என்ற கேள்வியை அரசாணையின் பக்கத்திடமும் கேட்கலாம், நம் சிறுபத்திரிகையின் பக்கத்திடமும் கேட்கலாம்.

செய்யவும்தான். அடுத்த துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அதைத் தலைகீழாகத் திருப்பிச் சற்றுத் தள்ளி வைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எழுத்துகள் மறைந்து கறுப்பும் வெள்ளையும் மட்டும் தெரியும். கோரிக்கை எங்கே இருக்கிறது, தலைவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே இருக்கிறது, எது கனக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். பெரும்பாலான அறிக்கைகளில் பெயர்கள்தான் கனக்கும். அதை மாற்றுவதற்குத் தோழர்களோடு ஒரு மணி நேரம் சண்டை போட வேண்டியிருக்கும். அந்தச் சண்டை அழகு பற்றியதல்ல என்று அவர்களுக்கும் சொல்லுங்கள்.