எலும்பா, தசையா, நரம்பா?

"கால் நரம்பு இழுக்குது" என்கிறோம். காலில் புடைத்துச் சுருண்டு தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். காலையில் கழுத்து பிடித்துக்கொண்டால், அதற்கும் நரம்பின்மீதே பழி. உண்மையில் முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் தசைப் பிடிப்பு. இரண்டாவது, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. உண்மையான நரம்புப் பாதிப்போ சில வேளைகளில் வலியே இல்லாமல் வந்து சேரும். வேறுபாடு தெரியாவிட்டால், சிகிச்சை தாமதமாகும்.

ஒரு குவளை தேநீர்

மேசையில் உள்ள தேநீர்க் குவளையை எடுக்க மூளை கட்டளையிடுகிறது. அது தண்டுவடம் வழியாக இறங்குகிறது. தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. அவற்றுள் கைக்கு உரியவற்றின் வழியே கட்டளை மின் துடிப்பாக, வினாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் ஓடித் தசையை அடைகிறது. தசை சுருங்க, தசைநாண் எலும்பை இழுக்க, முழங்கை மடிகிறது. குவளையின் சூட்டை வேறு நரம்பு இழைகள் மூளைக்குத் தெரிவிக்கின்றன. ஆக, எலும்பு நெம்புகோல், தசை இழுவிசை, நரம்பு செய்திக் கம்பி. எது பழுதானாலும் கை தடுமாறும். ஆனால், தடுமாறும் விதம் வேறு.

எலும்பு: விரலால் சுட்டிக்காட்டும் வலி

எலும்பைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வலி உணரும் நரம்பு முனைகள் நிறைந்துள்ளன. ஆகவே எலும்பு வலி ஆழமாக இருக்கும். பெரும்பாலும் "இங்கேதான்" என்று விரலை வைத்துக் காட்டலாம். அழுத்தினாலோ எடையை ஊன்றினாலோ கூடும். ஓய்விலும் இரவிலும் விடாமல் தொடரும் வலியை அலட்சியம் செய்யக்கூடாது. தொற்றோ கட்டியோ காரணமாக இருக்கலாம். விழுந்து வீங்கிய கையைச் சுளுக்கு என்று எண்ணி உருவிவிடுவதும் ஆபத்து. முறிவாக இருந்தால் எலும்பு முனைகள் நகர்ந்து, பக்கத்து நரம்பையும் இரத்தக் குழாயையும் காயப்படுத்தக்கூடும்.

"முழங்கால் எலும்பு தேய்ந்துவிட்டது" என்பதில் முதலில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு. எலும்பே உள்ளுக்குள் அடர்த்தி குறைந்து போவது எலும்புப்புரை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம். முறியும்வரை வலி இருக்காது. உயரம் குறைவதும் முதுகு கூன்போடுவதும் முதல் அடையாளங்களாக இருக்கலாம்.

தசை: பலம் குறையும், உணர்ச்சி குறையாது

நெடுநாள் கழித்துப் பூப்பந்து ஆடியவருக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு வலிக்கும். இது தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம். அந்தத் தசையை அசைத்தால் வலிக்கும், சில நாளில் ஆறிவிடும்.

தசை நோய் என்பது வேறு. வலியைவிடப் பலவீனமே அதில் முன்னே நிற்கும். பெரும்பாலும் இடுப்பு, தோள் தசைகள் இரு பக்கமும் சேர்ந்தே தளரும். படி ஏற முடியாது. தலைவாரக் கை உயராது. ஆனால் தொட்டால் தெரியும், மரத்துப்போகாது. ஆண் குழந்தைகளை அதிகம் தாக்கும் டுஷேன் தசைச்சிதைவு நோயில், டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உருவாவதில்லை. தரையிலிருந்து எழும்போது குழந்தை தன் தொடைகளிலேயே கையூன்றி எழும். கெண்டைக்கால் பருத்துத் தெரியும். பாலர் பள்ளியில் ஓட்டத்தில் எப்போதும் பின்தங்கும் பையனைச் சோம்பேறி என்று திட்டும் முன், அவன் எப்படி எழுகிறான் என்று கவனியுங்கள்.

நரம்பு: பாதை பிடித்துப் போகும் வலி

எரிச்சல், ஊசி குத்துவது, மின்சாரம் பாய்ந்ததுபோன்ற சுரீர் வலி, மரத்துப்போதல் ஆகியவை நரம்பின் மொழி. அந்த நரம்பு ஓடும் பாதையிலேயே இவை தோன்றும். மணிக்கட்டில் நடு நரம்பு நெருக்கப்பட்டால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரக்கும், சுண்டுவிரல் தப்பிவிடும். முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை இறங்கும்.

நம்மிடையே அதிகம் கவனிக்க வேண்டியது இனிப்புநீர். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. நெடுங்கால மிகைச் சர்க்கரை நீளமான நரம்புகளை முதலில் தாக்கும். ஆகவே கால்விரல்களில் தொடங்கி மேலேறும். எரிச்சல் நின்றதும் "சரியாகிவிட்டது" என்று சிலர் நினைப்பார்கள். நரம்பு உணர்வை இழந்ததாகவும் இருக்கலாம். வெயிலில் கொதிக்கும் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல் வீடு திரும்புவார்கள். அந்தப் புண்தான் காலை எடுக்கும் நிலைக்கும் கொண்டுபோகலாம். பாதத்தை நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை, இதை முன்கூட்டியே காட்டிவிடும்.

தெரியும் இடம் ஒன்று, பழுது வேறு

ஸ்டீபன் ஹாக்கிங்கின் தசைகள் மெலிந்தன. ஆனால், நோய் தசையில் தொடங்கவில்லை, தசையை இயக்கும் நரம்பணுக்களில் தொடங்கியது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் பழுது வந்தால், காலையில் தெளிவாக இருக்கும் கண்ணிமை மாலைக்குள் தொங்கிவிடும். எனவேதான் மருத்துவர் எலும்புக்கு எக்ஸ்ரே, தசைக்கு இரத்தப் பரிசோதனை, நரம்புக்கு மின்கடத்தல் சோதனை என்று பிரித்துப் பார்க்கிறார்.

கிளினிக்கிற்குச் செல்லும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். வலியை ஒரு விரலால் காட்ட முடிகிறதா, பரவி ஓடுகிறதா? பலம் குறைந்ததா, உணர்ச்சி குறைந்ததா? எப்போது கூடுகிறது: அசைக்கும்போதா, இரவிலா, மாலையிலா?

முதுகுவலியோடு சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, திடீரென ஒரு பக்கக் கை, கால் செயலிழந்தாலோ, தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 999-ஐ அழையுங்கள்.