சோங் வெய் சொன்னால் நம்புவோம், சீனா சொன்னால் சிரிப்போமா?

2014 நவம்பர் 8. அதுவரை பெயர் சொல்லாமல் “முன்னணி ஆட்டக்காரர் ஒருவர்” என்று மட்டும் கசிந்துகொண்டிருந்த ஊக்கமருந்துச் செய்திக்கு அன்று பெயர் கிடைத்தது: மலேசியப் பூப்பந்து வீரர் டத்தோ லீ சோங் வெய். ஆகஸ்டு இறுதியில் கோப்பன்ஹேகனில் நடந்த உலகப் பூப்பந்துப் போட்டியின்போது எடுத்த சிறுநீர் மாதிரியில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. ஒஸ்லோவில் நடந்த இரண்டாம் சோதனையும் அதையே சொன்னது. மூன்றாம் நாள் உலகப் பூப்பந்து சம்மேளனம் அவரை இடைநீக்கம் செய்தது.

அந்த வாரம் பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடைகளில் ஆளுக்கொரு துப்பு இருந்தது. இறுதியாட்டத்தில் அவரைச் சாய்த்தவர் சீனாவின் சென் லோங் என்பதால் பழி போக வேண்டிய திசையும் தயாராக இருந்தது. முந்தைய ஆண்டுதான் குவாங்சோ இறுதியாட்டத்தில் லின் டானிடம் விளையாடிக்கொண்டிருந்த சோங் வெய் தசைப்பிடிப்பால் விழுந்து, தூக்குப்படுக்கையில் வெளியேறியிருந்தார். அரங்கின் குளிரூட்டியை வேண்டுமென்றே நிறுத்திவிட்டார்கள் என்று அப்போது நாடே குமுறியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலேசியச் சீனர் ஒருவர் சீனாவிடம் தோற்கிறார். அதற்காகத் தே தாரேக் ஆறுவது தெரியாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர்கள் தமிழர்களும் மலாய்க்காரர்களும். இந்த நாட்டில் இனக் கணக்கு மறந்துபோகும் இடங்கள் குறைவு. பூப்பந்து அதில் ஒன்று.

சதிப் பேச்சில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: அவரை இடைநீக்கம் செய்த சம்மேளனத்தின் தலைமையகம் கோலாலம்பூரில்தான் இருக்கிறது. 2005இல் இங்கிலாந்தின் செல்டனத்திலிருந்து இங்கே குடிவந்தது.

சோதனை நடக்கும் விதம் தெரிந்தால் இப்படிப்பட்ட கதைகளில் பாதி நிற்காது. அதிகாரி வந்து அறிவிப்பில் கையெழுத்து வாங்கிய நொடியிலிருந்து ஆட்டக்காரர் அவர் கண்ணிலிருந்து மறையக் கூடாது. முத்திரை உடையாத கோப்பைகளில் ஒன்றை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்க வேண்டும். கழிவறையில் அதே பாலினத்து அதிகாரி பக்கத்தில் நின்று, சிறுநீர் உடலிலிருந்து வருவதைக் கண்ணால் பார்ப்பார். சட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், கால்சட்டை முழங்கால்வரை இறங்க வேண்டும். குறைந்தது 90 மில்லி லிட்டர். ஆடிக் களைத்து உடம்பு வற்றியவருக்கு அது மணிக்கணக்கில்கூட ஆகும். பிறகு ஏ, பி என இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஆட்டக்காரரே ஊற்றி மூடியைத் திருகுவார். மூடி ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். உடைக்காமல் திறக்க முடியாது. (சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்ய உளவுத்துறை அதையும் திறந்தது. பிறகுதான் குப்பியின் வடிவத்தை மாற்றினார்கள்.) ஆய்வகத்துக்குப் போகும் தாளில் எண் மட்டும் இருக்கும். பெயரும் இல்லை, நாடும் இல்லை.

ஏ குப்பியில் தடை மருந்து தெரிந்தால், பி குப்பியையும் திறந்து பார்க்கச் சொல்லும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு. அதிலும் இருந்தால் சட்டம் கறாரானது. எப்படி உள்ளே போனது என்பதை நிரூபிக்கும் பாரம் முழுக்க ஆட்டக்காரர் தலையில். “எனக்குத் தெரியாது” என்பது பதிலாகாது.

சோங் வெய்க்கு வாய்த்தது விசித்திரமான மருந்து. டெக்ஸாமெத்தசோன் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு. தசையை வளர்க்கும் ரகம் அல்ல. கோவிட் காலத்தில் மூச்சுத் திணறிய நோயாளிகளுக்குக் கொடுத்தார்களே, அதேதான். போட்டி நடக்காத நாட்களில் அதை எடுப்பது குற்றமில்லை. போட்டி நாளில் உடலில் இருக்கக் கூடாது. அந்த ஜூலையில் தொடைக் காயத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை செய்துகொண்டார் என்பதால், அதன் மிச்சமாக இருக்கும் என்றே முதலில் பேசப்பட்டது. 2015 ஏப்ரல் 11 அன்று ஆம்ஸ்டர்டாமில் விசாரணைக் குழு முன் வந்த விளக்கம் வேறு. அவர் சாப்பிட்டுவந்த கார்டிசெப்ஸ் காளான் மாத்திரைகளின் ஜெலட்டின் உறையில் டெக்ஸாமெத்தசோன் துளி அளவு கலந்திருந்தது.

குழு நம்பியது. ஏமாற்றும் நோக்கம் இல்லை, ஆனால் கவனக்குறைவு உண்டு என்று ஏப்ரல் 27 அன்று தீர்ப்பு வந்தது. இரண்டு ஆண்டுவரை போயிருக்கக்கூடிய தடை, முன்தேதியிட்டு எட்டு மாதமாகக் குறைந்தது. கோப்பன்ஹேகன் வெள்ளி பறிபோனது. மே மாதம் களத்துக்குத் திரும்பியவர், ஆகஸ்டில் ஜகார்த்தா உலகப் போட்டியின் இறுதியாட்டத்திலும், 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்திலும் அதே சென் லோங்கிடம் தோற்றார். அந்த ரியோ இரவைப் பற்றி இங்கே யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

சோங் வெய் வழக்கின் புழுதி எழும்பிய அதே பருவத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. இஞ்சியோன் ஆசியப் போட்டியில் மலேசியாவுக்கு வூஷூ தங்கம் வென்றுதந்த தாய் சியாவ் சுவெனின் மாதிரியில் சிபுட்ரமின். தங்கம் இந்தோனேசிய வீராங்கனைக்குப் போனது, முறையீடும் தோற்றது. 2017இல் கோலாலம்பூரிலேயே நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் முக்குளிப்பு வீராங்கனை வெண்டி இங் யான் யீக்கும் அதே சிபுட்ரமின்தான். சொந்த மண்ணில் வென்ற தங்கம் கையைவிட்டுப் போனது.

டெக்ஸாமெத்தசோன், சிபுட்ரமின். விளையாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களும் இந்தப் பெயர்களைக் கவனிக்க வேண்டும். சுகாதார அமைச்சு கலப்பட மருந்து என்று எச்சரிக்கும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இவை. மூட்டுவலி போகும், முதுகுவலி போகும் என்று விற்கும் பதிவில்லாத ஜாமுவில் டெக்ஸாமெத்தசோன்; இளைக்க வைக்கும் காப்பியிலும் மாத்திரையிலும் சிபுட்ரமின். பின்னது இதய நோய் ஆபத்து காரணமாக 2010இல் பல நாடுகளின் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து. கிள்ளானில் பசார் மாலாம் போய்வருபவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம். பளபளக்கும் டப்பா, முன்பக்கம் ஒட்டிய வயிற்றோடு ஒரு படம், பின்பக்கம் மூலிகைப் பட்டியல், “பக்க விளைவு இல்லை” என்ற வரி. திருப்பிப் பார்த்தால் இருக்க வேண்டிய இரண்டு இருக்காது: மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும், அசைத்தால் நிறம் மாறும் ஹோலோகிராம் ஒட்டியும். மூட்டுவலி ஒரே வாரத்தில் பறந்துவிட்டது என்று பாட்டி சொன்னால் மகிழ்வதற்கு முன் டப்பாவைப் பாருங்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

ஆகவே கலப்படம் என்ற விளக்கம் நம் ஊரில் நம்ப முடியாத கதை அல்ல. சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். அதே விளக்கத்தை மற்றவர் சொன்னால்?

2021 ஜனவரி தொடக்கத்தில் சீனாவின் ஷிஜியாஜுவாங் நகரில் நடந்த போட்டியில் 23 நீச்சல் வீரர்களின் மாதிரிகளில் டிரைமெட்டசிடின் இருந்தது. இதய நோய்க்கான அந்த மருந்து போட்டி இல்லாத நாட்களிலும் தடைசெய்யப்பட்டது. வீரர்கள் தங்கிய விடுதியின் சமையலறையில், புகைபோக்கியிலும் மசாலா டப்பாக்களிலும் அதன் தடயம் கிடைத்தது, உணவு வழியாகத்தான் உடலில் சேர்ந்தது என்றது சீனாவின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு. யாரும் இடைநீக்கம் செய்யப்படவில்லை, பெயர் வெளியாகவில்லை. வாடா எனப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஏற்றுக்கொண்டது. அவர்களில் சிலர் அதே ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். 2024 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸும் ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சியும் எழுதும்வரை உலகுக்குத் தெரியாது. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தலைவர் டிராவிஸ் டைகார்ட் இதை மூடிமறைப்பு என்றார். வாடா அமர்த்திய சுவிஸ் முன்னாள் அரசு வழக்கறிஞர் எரிக் கோட்டியே, முகமை சீனாவுக்குச் சலுகை காட்டவில்லை என்றார். அமெரிக்கா சமாதானமாகவில்லை, வாடாவுக்குத் தர வேண்டிய 36 லட்சம் டாலரை நிறுத்திக்கொண்டது.

அந்தச் செய்தி வெளியானபோது இங்கே கேட்ட பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. “சமையலறையாம், மசாலாவாம்!” ஜெலட்டின் உறையை நம்பிய அதே நாவுகள்தான்.

அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறுவது நம் வியாதி மட்டுமில்லை. 2019 குவாங்ஜூ உலக நீச்சல் போட்டியில், ஊக்கமருந்துச் சர்ச்சையில் இருந்த சீனாவின் சுன் யாங்கோடு மேடையேற மறுத்தார் ஆஸ்திரேலியாவின் மேக் ஹார்ட்டன். கைதட்டல் அடங்குவதற்குள், “சொந்தக் காரணங்களால்” விலகியதாகச் சொல்லப்பட்ட அவரது சக வீராங்கனை ஷெய்னா ஜாக்கின் மாதிரியில் லிகண்ட்ரோல் இருந்தது தெரியவந்தது. தமிழ்நாட்டிலும் பார்த்தோம். அதே ஆண்டு ஏப்ரலில் தோகா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்ற திருச்சிக்காரர் கோமதி மாரிமுத்துவைக் கொண்டாடிய வேகமென்ன, நாண்ட்ரலோன் வழக்கில் நான்காண்டுத் தடையோடு பதக்கமும் போனபோது நிலவிய மௌனமென்ன! தங்கம் சீன வீராங்கனைக்குப் போனது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

இந்தப் பந்தயத்தில் நம்மவர் ஒருவர் வேறு பக்கத்திலும் நின்றிருக்கிறார். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற மலேசிய ஓட்டக்காரர் மணி ஜெகதீசன், பிறகு டாக்டராக ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவை வழிநடத்தினார். 1968இல் அவர் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடிய தேசியச் சாதனை கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு நின்றது. ஓடியவருக்கும் சோதிப்பவருக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு பெரிதல்ல என்பதற்கு நம் கைவசம் இருக்கும் சான்று அவர்.

கதை நம்பும்படி இருக்கிறதா என்பதை வைத்து இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. காளான் மாத்திரை உறையும் மசாலா டப்பாவும் காதுக்கு ஒரே மாதிரிதான். சோங் வெய்யின் பெயர் வெளியானது, ஆட்டம் நின்றது, வெளியாள் குழுவின் முன் விளக்கம் சோதிக்கப்பட்டது, பதக்கம் போனது. அதற்குப் பிறகுதான் நம்பினார்கள்.

அமெரிக்காவுக்கும் அந்தப் பரீட்சை வந்தது. ஓட்டக்காரர் எரியோன் நைட்டனின் மாதிரியில் டிரென்போலோன் இருந்தது 2024இல். புளோரிடா கடை ஒன்றில் சாப்பிட்ட மாட்டுவால் கறியிலிருந்து வந்தது என்றார். அமெரிக்க நடுவர் ஏற்றார். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடி நான்காவதாக வந்தார். சீனா சாடியது. வாடாவும் உலகத் தடகளச் சம்மேளனமும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போயின. அந்தக் கறியில் அந்த அளவு மருந்து இருக்க வாய்ப்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2025 செப்டம்பரில் நான்காண்டுத் தடை விழுந்தது. ஷிஜியாஜுவாங் சமையலறை வழக்கு மட்டும் எந்த நடுவர் மன்றத்துக்கும் போகவில்லை. முறையிடப் போவதில்லை என்று வாடா முடிவெடுத்தது 2021லேயே.