விருந்தினரை விட மனமில்லாத ஊர்

ரோமிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம் பிரயாணம் செய்து, ஒலிவ மரங்கள் போர்த்திய அம்பிரியா மாகாணத்துச் சரிவுகளுக்கிடையே ஸ்போலேத்தோ நிலையத்தில் இறங்குகிறவருக்கு முதலில் காட்சியளிப்பது, புராதனமான அந்த மலையூரின் கோட்டையும் அன்று, கோயிலும் அன்று. 18 மீட்டர் உயரமுள்ள ஒரு கரிய இரும்புச் சிற்பம். அமெரிக்கச் சிற்பி அலெக்ஸாண்டர் கால்டர் 1962-ஆம் ஆண்டுக் கோடை விழாவுக்காக அதைச் சிருஷ்டித்தார். அவ்வருஷம் நூற்றுக்கு மேற்பட்ட நவீன சிற்பங்களை ஊரின் சந்துகளிலும் சதுக்கங்களிலும் நிறுத்தி வைத்திருந்தார்கள். விழா முடிந்து அவற்றில் பெரும்பாலானவை வந்த வழியே திரும்பிய பின்னும், ஏழாம் நூற்றாண்டில் இப்பிரதேசத்தை ஆண்ட லொம்பார்டியப் பிரபு ஒருவரின் பெயரைத் தாங்கிய இந்தப் பிரம்மாண்டம் இங்கேயே தங்கிவிட்டது. மோட்டார் வண்டிகள் அதன் கால்களுக்கிடையே புகுந்து போகின்றன. அதை அழகு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும், வந்த விருந்தினரை எளிதில் விட மனமில்லாத ஓர் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான வாயிற்காவலனைக் கற்பனை செய்வது கடினம்.

அதற்காக, வலிய வந்தவர்களையெல்லாம் இவ்வூரார் மாலையிட்டு வரவேற்றார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கி.மு. 217-இல், திராசிமேனோ ஏரிக்கரையில் ரோமானியச் சேனையை நிர்மூலம் செய்துவிட்டு வெற்றிக் களிப்போடு வந்த ஹன்னிபாலை, மதிலுக்கு வெளியிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்று சரித்திராசிரியர் லிவி எழுதி வைத்திருக்கிறார். அந்த ஓட்டத்தின் ஞாபகமாக ஒரு வாயில் இன்றும் இருக்கிறது. 1155-இல் ஊரையே கொளுத்திய சக்கரவர்த்தி பிரெடரிக் பார்பரோசா, முப்பது ஆண்டுகள் கழித்துச் சமாதானத்தின் அடையாளமாகத் தேவமாதாவின் திருவுருவப் படம் ஒன்றைக் கதீட்ரலுக்குக் காணிக்கை செலுத்தினார். கொளுத்தியவன் கொடுத்ததாயிற்றே என்று முகம் சுளிக்காமல், அதையும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். குன்றின் சிகரத்தில், கார்டினல் அல்போர்னோஸின் கட்டளைப்படி 1359-இல் எழும்பத் தொடங்கிய கோட்டையோ உபசாரத்தில் எல்லை கடந்தது. போப்பாண்டவரின் பிரதிநிதிகள் வாசம் செய்த அந்த மாளிகை, 1499-இல் லுக்ரீசியா போர்ஜியா அதிகாரம் செலுத்திய அந்த மாளிகை, பிற்காலத்தில் சிறைச்சாலையாக மாறி 1982 வரையில் சிறைச்சாலையாகவே இருந்தது.

இப்போது மலைக்குள் குடைந்து அமைத்திருக்கும் நகரும் படிகளில் நின்றபடியே மேலே போய்விடலாம். ஆயினும், கால் வலித்தாலும் பாதகமில்லை என்று கல் பாவிய சந்துகளின் வழியாக ஏறுகிறவர்களுக்குத்தான் இவ்வூர் தன் முகத்தைக் காட்டுகிறது. கோட்டைக்குப் பின்புறம் ஆழ்ந்த பள்ளத்தாக்கின் குறுக்கே, ஏறக்குறைய 80 மீட்டர் உயரமும் 230 மீட்டர் நீளமும் கொண்டு, எதிர் மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதற்காக மத்திய காலத்தில் எழுப்பிய கல் பாலம் நிற்கிறது. 1786-இல் இத்தாலியில் யாத்திரை செய்த ஜெர்மானிய மகாகவி கதே இதைக் கண்டு வியந்து போனார். 2016-ஆம் ஆண்டுப் பூகம்பத்துக்குப் பின் பல ஆண்டுகள் அதன்மேல் நடமாட்டம் நிறுத்தப்பட்டிருந்தது. எதிர்க்கரை ஓக் வனத்துக்குள் நடந்து பழகியவர்களுக்கு அது பெரிய நஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

ஊரின் ஹிருதயம் கதீட்ரல் சதுக்கம். தெருவிலிருந்து அகன்ற படிகள் கீழ்நோக்கி இறங்கி, இறங்கும் கண்ணை நேரே கோயிலின் முகப்புக்கும், அதன் நெற்றியில் 1207-ஆம் ஆண்டு என்று பொறித்த பொன்னிற மொஸைக் சித்திரத்துக்கும் கொண்டு செல்கின்றன. உள்ளே, பலிபீடத்துக்குப் பின்னால், பிளாரன்ஸ் நகரத்து ஓவியர் பிலிப்போ லிப்பி தம் கடைசிக் காலத்தில் தீட்டிய தேவமாதாவின் சரிதம் சுவர் முழுவதும் விரிந்திருக்கிறது. இவர் சந்நியாசி, ஆனால் ஒரு கன்னியாஸ்திரீயோடு கூடி வாழ்ந்து குழந்தையும் பெற்றவர். தேவமாதா உயிர் துறக்கும் காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாகத் தம்மையும் தம் சிறு மகனையும் எழுதி வைத்திருக்கிறார். வேலை முற்றுப்பெறுமுன் 1469-இல் அவர் இங்கேயே காலமாக, எஞ்சியதை அவருடைய உதவியாளர் முடித்தார். உடலைத் தங்கள் ஊருக்கு அனுப்பும்படி பிளாரன்ஸின் தலைவர் லொரென்ஸோ மெதிச்சி கேட்டபோது, பெரிய மனிதர்களின் சமாதிகள் உங்கள் ஊரில் ஏராளம், எங்களுக்கு இந்த ஒருவராவது இருக்கட்டும் என்று ஸ்போலேத்தோக்காரர்கள் மன்றாடியதாக ஓவியர்களின் சரிதங்களை எழுதிய வசாரி கூறுகிறார். லொரென்ஸோ இணங்கியதோடு, சலவைக்கல் சமாதி எழுப்பவும் பணம் கொடுத்தார்.

இத்தகைய ஊருக்குத்தான், ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், ஜான் கார்லோ மெனோத்தி வந்தார். இத்தாலியில் பிறந்து, இளம் வயதிலேயே அமெரிக்கா சென்று, ஓபராவுக்காக இருமுறை புலிட்சர் பரிசு பெற்று, தொலைக்காட்சிக்கென்றே 1951-இல் ஓர் ஓபராவும் இயற்றிப் புகழடைந்திருந்த அவர், இரண்டு கண்டங்களின் இளங்கலைஞர்களும் சந்திப்பதற்கு ஒரு சிற்றூரைத் தேடிக்கொண்டிருந்தார். கலைஞன் என்பவன் விருந்து முடிந்தபின் பரிமாறும் தின்பண்டமாக இராமல், ஊருக்கு அவசியமானவனாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஸ்போலேத்தோவில் இரண்டு அரங்குகள் தயாராக இருந்தன, வறுமையும் இருந்தது. பக்கத்து மொர்ஞானோவின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 1955-இல் நேர்ந்த வெடிவிபத்தில் 23 தொழிலாளர்கள் மாண்டார்கள். சில ஆண்டுகளில் சுரங்கத் தொழிலே அஸ்தமித்தது. அந்த இடைக்காலத்தில், 1958 ஜூன் மாதம், 'இரு உலகங்களின் விழா' வெர்தியின் 'மக்பெத்' ஓபராவுடன் ஆரம்பமாயிற்று. லுக்கினோ விஸ்கோன்டி அதை இயக்கினார். வாத்தியக் குழுவை நடத்திய தாமஸ் ஷிப்பர்ஸுக்கு அப்போது வயது 28. சுரங்கம் போன இடத்தில் ஸங்கீதம் சோறு போட்டது என்று சொன்னால் மிகையாகும். ஆனால் தங்கும் விடுதிகளும் சிற்றுண்டிச்சாலைகளும் பெருகியது மிகையன்று.

ஸங்கீதமே அறியாத ஊருக்கு மெனோத்தி ஸங்கீதம் கற்பித்தார் என்று சிலர் எழுதுவது நியாயமல்ல. 1947-லேயே அத்ரியானோ பெல்லி என்பவர் இளம் பாடகர்களுக்காக இங்கே ஒரு ஸ்தாபனம் நிறுவியிருந்தார். பின்னாளில் உலகப் பிரசித்தி பெற்ற பிராங்கோ கொரெல்லி முதன்முதலாக ஓபரா மேடை ஏறியது 1951-இல், இவ்வூரில், 'கார்மென்' நாடகத்தில்.

ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை நடக்கும் விழாவுக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்று உண்டு: திறந்தவெளியின் ஜொலிப்பில் மயங்கி, உள்ளரங்குகளைத் தவறவிடாதீர்கள். கதீட்ரல் முகப்பே திரையாக அமைய, சதுக்கம் கொள்ளாத ஜனங்கள் கூடும் இறுதி நாள் கச்சேரி கண்ணுக்குப் பெரிய விருந்துதான். ஆனால் காது வேறு தீர்ப்புச் சொல்லும். அதே சதுக்கத்தின் ஓரத்தில் காயோ மெலிஸ்ஸோ என்னும் சின்னஞ்சிறு அரங்கு இருக்கிறது. மத்தியான வேளையில் அங்கே நாலைந்து வாத்தியங்கள் மட்டும் இசைக்கும் கச்சேரிகளை 1960-இல் சார்ல்ஸ் வாட்ஸ்வொர்த் என்ற அமெரிக்கப் பியானோக் கலைஞர் தொடங்கி வைத்தார். அடுக்கடுக்கான மாடங்களில் சில நூறு பேரே அமரக்கூடிய அவ்விடத்தில், வில் நரம்பைத் தொடுமுன் வித்வான் மூச்சை உள்ளிழுப்பதுகூடக் கேட்கிறது. கச்சேரி முடிந்து வெளியே வந்தால், முட்டை சேர்க்காமல் மாவும் தண்ணீரும் மட்டும் கலந்து பிசைந்த ஸ்ட்ராங்கோட்ஸி என்னும் பாஸ்தாவின்மேல் கறுப்பு டிரஃபிள் காளானைச் சீவிப் போட்டு, உள்ளூர் ஒலிவ எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். விழாக் காலத்தில் அதன் விலையும் ராக ஆலாபனை செய்யும்.

ஷிப்பர்ஸ் 1977-இல், ஐம்பது வயதைத் தொடுமுன்பே காலமானார். அவருடைய அஸ்தியை இந்தச் சதுக்கத்துச் சுவர் ஒன்றில் வைத்துப் பூசியிருக்கிறார்கள். ஆக, லிப்பி உள்ளே, ஷிப்பர்ஸ் வெளியே. மெனோத்தியோ, 1970-களில் ஸ்காட்லாந்தில் பழைய மாளிகை ஒன்றை வாங்கிக் குடியேறி, 2007-இல் தம் 95-ஆம் வயதில் மொனாக்கோவில் உயிர் நீத்து, ஸ்காட்லாந்து மண்ணிலேயே அடக்கமானார். மறு ஆண்டே விழாவின் தலைமை அவருடைய சுவீகார புத்திரனை விட்டுப் பிறர் கைக்கு மாறியது. பெரிய அரங்குக்கு இப்போது மெனோத்தியின் பெயர். சதுக்கத்தை நோக்கிய அவருடைய வீடு காட்சிசாலையாகி, அவருடைய விழாவின் பழைய புகைப்படங்களையும் விளம்பரத் தாள்களையும் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவு திறக்கிறது.