பழைய ஜீப் வாங்கப் போகும் விவசாயிகளுக்கு

பால் கேனையும் தீவன மூட்டையையும் ஏற்றிக்கொண்டு சேற்றுத் தடத்தில் வர வேண்டும். மறுநாள் அதே வண்டியில் வீட்டுப் பெரியவர்களை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவும் வேண்டும். இப்படிக் காட்டுக்கும் ரோட்டுக்கும் பொதுவாக ஒரு வண்டி வேண்டும் என்று பழைய ஜீப், பொலிரோ, ஜிப்சி ஆகியவற்றைத் தேடும் சிறு விவசாயிகள் பலர். புது வண்டியின் விலையில் ஒரு பகுதிக்கு இவை கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆனால் வீட்டு நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி ஆறு மாதத்தில் பட்டறையில் நின்றுவிட்டால், நகையும் மூழ்கிப்போகும், வண்டியும் உதவாது. எனவே வாங்குமுன் கவனிக்க வேண்டியவற்றை இங்கே பார்ப்போம்.

ஜீப் இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட வண்டி. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் 1947ல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து இணைக்கத் தொடங்கியது. பழைய டீசல் ஜீப்கள் சிலவற்றில் இருப்பது இன்டர்நேஷனல் டிராக்டர் என்ஜின் வழிவந்த என்ஜின். டிராக்டர் மெக்கானிக்குகள் அவற்றைத் தயங்காமல் பிரித்து மாட்டுவதற்கு இதுவே காரணம். பின்னர் பீஜோ டீசல் என்ஜின் பொருத்திய எம்.எம்.540 வகை வந்தது. மாருதி ஜிப்சி 1985ல் வந்த பெட்ரோல் வண்டி. எடை குறைவு, மலை ஏறுவதில் கெட்டி, ஆனால் எரிபொருள் செலவு அதிகம். பொலிரோ 2000ல் வந்தது. தார் 2010ல் வந்தது. பழைய வண்டிச் சந்தையில் இன்று அதிகம் கண்ணில் படுவது பொலிரோதான். உதிரிப்பாகம் சிறு ஊர்களிலும் கிடைக்கிறது என்பது அதன் பெரிய வசதி.

நாலு சக்கர இழுவை அவசியமா?

முதலில் தீர்மானிக்க வேண்டியது இது. சாதாரண ஜீப், பொலிரோ வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். நான்கு சக்கரமும் இழுப்பதை ‘போர் வீல்’ வண்டி என்பார்கள். அதற்கு விலையும் கூடுதல், பராமரிப்பும் கூடுதல்.

கொல்லிமலை, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற பகுதிகளில் செங்குத்தான மண் தடத்தில் காப்பி, மிளகு, பலா ஏற்றி இறக்குபவர்களுக்குப் போர் வீல் உண்மையிலேயே உதவும். ஆற்று மணலைக் கடந்து தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளின் கதை வேறு. நல்ல மழைக்குப் பிறகு கரிசல் மண் டயரின் பள்ளங்களை அப்பி மூடிவிடும். அப்போது நான்கு சக்கரம் இழுத்தாலும் நான்கும் வழுக்கத்தான் செய்யும். அங்கே இரண்டு நாள் காத்திருப்பதுதான் வழி. சமவெளியில், கிணற்றடி வரை கப்பி போட்ட வண்டிப்பாதை உள்ள விவசாயிக்குத் தரையிலிருந்து நல்ல உயரமுள்ள பின்சக்கர வண்டியே போதும் என்பது என் கருத்து. வருடத்தில் பத்து நாள் சேற்றுக்காக மற்ற நாளெல்லாம் கூடுதல் செலவைச் சுமக்க வேண்டியதில்லை. அந்தப் பத்து நாளைக்கு அக்கம்பக்கத்து டிராக்டர் இருக்கவே இருக்கிறது.

எரிபொருள் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். தினம் 30 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள் ஓடினால் 750 கிலோமீட்டர். பழைய டீசல் ஜீப் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்தால் 68 லிட்டர் ஆகும். லிட்டர் ரூ.92 என்று வைத்தாலும் மாதம் ரூ.6,250க்கு மேல் போகிறது. அதே தூரத்தை மோட்டார் சைக்கிளில் போனால் சுமார் 13 லிட்டர் பெட்ரோலோடு முடியும். ஆகவே தினமும் ஏற்றுவதற்குச் சுமையோ ஆளோ இருந்தால்தான் தினமும் ஜீப்பை எடுப்பது கட்டும்.

போர் வீல் வாங்குவோர் சோதிக்கும் முறை

போர் வீல் என்று விற்கப்படும் வண்டிகள் சிலவற்றில், முன் சக்கரத்துக்குப் போகும் பிரொபெல்லர் ஷாப்டையே கழற்றி வைத்திருப்பார்கள். லீவர் மட்டும் இருக்கும். எனவே வண்டியின் அடியில் குனிந்து, முன்னும் பின்னும் இரண்டு ஷாப்டுகளும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். சில ஜீப்களில் முன் சக்கரத்தின் நடுவில் உள்ள பூட்டைக் கையால் திருப்பினால்தான் முன் சக்கரம் இழுக்கும். இதையும் விற்பவரிடம் கேட்டு இயக்கிப் பார்க்க வேண்டும். பிறகு உழுத நிலத்திலோ மணலிலோ லீவரைப் போட்டு மெதுவாக ஏறச் சொல்லி, ஒருவர் வெளியே நின்று முன் சக்கரம் மண்ணைப் பறிக்கிறதா என்று கவனித்தால் உண்மை தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையைக் காய்ந்த தார் ரோட்டில் செய்யக்கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றுகின்றன. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோடு பிடித்துக்கொள்வதால் அந்த முறுக்கு முழுவதும் பல்சக்கரங்களுக்கும் ஷாப்டுக்கும் போகிறது. நாளடைவில் அவை தேய்ந்து உடைகின்றன. லீவர் இறுகிக்கொண்டு வெளியே வர மறுப்பதும் இதனால்தான். அப்போது வண்டியைச் சில அடி பின்னோக்கி எடுத்தால் விடுபடும். விற்பவர் தார் ரோட்டிலும் போர் வீல் போட்டே ஓட்டுவதாகப் பெருமையாகச் சொன்னால், அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.

நான்கு டயரும் ஒரே அளவிலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். முன்னே புதியதும் பின்னே மொட்டையுமாகப் போட்டுப் போர் வீலில் ஓட்டினால், மேலே சொன்ன முறுக்கு நேர்ச்சாலையிலேயே ஏற்படும். பெரிய கட்டைகள் உள்ள சேற்று டயர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஈரத் தார் ரோட்டில் அது பிடித்து நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். தினம் டவுனுக்குப் போகிற வண்டிக்கு நடுத்தரக் கட்டையுள்ள டயரே ஏற்றது.

சேசிஸே முக்கியம்

என்ஜின் கெட்டால் மாற்றலாம். சேசிஸ் அரித்துப்போன வண்டியைச் சரிசெய்து மாளாது. முன் சக்கரத்துக்குப் பின்புறம், ஸ்பிரிங் பட்டை தொங்கும் கொக்கிகள் பொருந்தும் இடம், பேட்டரிக்குக் கீழே, பாடி போல்ட் உட்காரும் இடம் ஆகியவற்றைச் சிறு ஸ்பேனரால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும், செதிலும் உதிரும். அடிப்பாகம் முழுவதும் அப்போதுதான் கறுப்பு வர்ணம் பூசியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். கடற்கரை ஊர்களிலும் உப்பளங்களிலும் ஓடிய வண்டிகளுக்கு இந்தச் சோதனை இரட்டிப்பாக அவசியம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் பற்றியும் எச்சரிக்கை தேவை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலி பகுதிகளிலும் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. சீட் பெல்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் உள்ளே சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்டுகளில் துரு, டேஷ்போர்டின் உள்மூலையில் வண்டல் இவையும் காட்டிக்கொடுக்கும். மின்னணு முறையில் டீசல் செலுத்தும் புதிய என்ஜின்களுக்கு நீர் பட்டால் வரும் கோளாறுகள் விட்டுவிட்டு வரும், கண்டுபிடிப்பதும் கடினம்.

என்ஜினைக் காலையில், சூடேறுமுன் பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை பம்ப், நாஸில் கோளாறாக இருக்கலாம். அது அவ்வளவு பெரிய செலவில்லை. வெண்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருமானால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கியர் பெட்டி, டிபரன்ஷியல் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

தார் ரோட்டில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் எந்த ஜீப்பையும் வாங்கக்கூடாது. அந்த வேகத்தில் ஸ்டீரிங் கைக்கு அடங்காமல் நடுங்கினால் கிங்பின் பேரிங், டைராடு முனைகள் தேய்ந்திருக்கும். காட்டில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இது தெரியவே தெரியாது. பள்ளத்தில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் கியர் தானாக வெளியே வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய ஜீப்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். திடீரென்று மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று ஆள் இல்லாத இடத்தில் சோதிக்கவும். குட்டையான, உயரமான வண்டி என்பதால் வளைவில் கார் போல் திரும்ப இயலாது. பின்பக்கம் எதிரெதிரே உட்காரும் சீட்டில் பள்ளிக் குழந்தைகளை ஏற்றுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

பத்திரம் சரியா?

வண்டியை விரும்பிவிட்டால் உடனே முன்பணம் கொடுப்பது நம்மவர் வழக்கம். ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக்கூடாது. பழைய ஜீப்களில் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைத்தது மிகுதி. அந்த மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய இயலாது என்று உச்சநீதிமன்றம் 2019ல் தீர்ப்பளித்துள்ளது. எனவே உயரம் கூட்டி, அகல டயர் மாட்டி, பாடியை மாற்றிய வண்டிகள் எப்.சி.யின்போது சிக்கலில் மாட்டும்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600லிருந்து ரூ.5,000 ஆயிற்று, 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025ல் ரூ.10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி. புதுப்பிப்பு முடியும் தறுவாயில் உள்ள வண்டி மலிவாகக் கிடைப்பதன் காரணம் பல சமயம் இதுதான். அரசு இலாகா ஜீப்களை ஏலத்தில் எடுத்து ஓட்டிய காலமும் மாறிவிட்டது. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை; அவை உடைப்புக்கே போகின்றன. ‘ஏல வண்டி, பேப்பர் பிறகு வரும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். தவணைக் கடனில் வாங்கிய வண்டியானால் படிவம் 35ம் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைக் கடிதமும் வேண்டும். வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28. அத்துடன் இங்கே ஆயுட்கால வரியும் கட்ட வேண்டும் என்பதால், டெல்லி வண்டியின் மலிவு விலையை இதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பாக்கி அபராதம் இருக்கிறதா, கடன் பதிவு நீங்கியதா என்பதைப் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். படித்த பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் இது பொருந்தும். ஜீப்பை விற்றுவிட்டு மறந்த விவசாயியின் வீட்டுக்குப் பல ஆண்டு கழித்து நோட்டீஸ் வருவது இதனால்தான்.

சொந்த உபயோகம் என்று பதிவான ஜீப்பில் வாடகைக்கு ஆள் ஏற்றக்கூடாது. மலைக் கிராமங்களில் சந்தை நாளன்று தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, பின்னால் தொங்கத் தொங்க ஏற்றிப் போவது சகஜம். அந்த வண்டி கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பைத் தட்டிக்கழிக்க இடமுண்டு. நஷ்டஈடு நிலத்தின் மேல் வந்து நிற்கும்.

விலை பேசும்போது, கையிலுள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதிக்குப் பேசுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே என்ஜின், கியர் பெட்டி, முன் பின் டிபரன்ஷியல் ஆயில்களையும், போர் வீல் ஆனால் டிரான்ஸ்பர் கேஸ் ஆயிலையும் மாற்றுங்கள். பிரேக் ஆயிலையும் மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ், விசிறி பெல்ட், பேட்டரி இவற்றுக்கும் அந்தப் பணம் உதவும். ஓடையிலோ சேற்றிலோ இறங்கி வந்த நாளில் தார் ரோடு ஏறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்து டிரம்மை உலர்த்திக்கொள்ள வேண்டும். அன்று மாலையே ஷாப்ட் ஜாயிண்டுகளுக்கும் ஸ்பிரிங் கொக்கிகளுக்கும் கிரீஸ் கன்னால், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும் வரை, கிரீஸ் அடிக்க வேண்டும்.